கதையாட்டத்தின் கதை – 9: தாளில் இருந்த கதை, மேசையில் பிறந்த கதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பேருந்து மலையேறத் தொடங்கும் முன் சாலையோரத்தில் ஒரு பழைய முகப்பு வளைவைக் கடக்கிறது. 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனியின் வாசல் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. கதை, வசனம் முழுவதையும் எழுதி முடித்துக் கட்டுக்கோப்பாகத் தயார் செய்த பிறகே படப்பிடிப்பு என்பதில் சுந்தரம் கறாரானவர். மு.கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950-இல் வந்தது அந்த ஏற்பாட்டில்தான்.

அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தால், கரடியூர் போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் வேறொரு முறை இருக்கிறது. இம்மலைகளின் பழங்குடிகளான மலையாளிகள் தங்கள் மூதாதையர் கதையைத் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகச் சொல்லிவருகிறார்கள். காஞ்சியை விட்டுப் புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது கதையின் எலும்புக்கூடு. யார் எந்த மலைக்குப் போனார், வழியில் என்ன நடந்தது என்பதெல்லாம் சொல்பவரையும் மலையையும் பொறுத்து மாறும். எந்தச் சொல்லலும் தப்பு என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

முழுக்க எழுதிய கதை ஒரு முனை. சொல்லச் சொல்ல உருவாகும் கதை மறுமுனை. போன பகுதியில் 1974-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு புத்தகங்களாக, ஆயிரம் பிரதிகளுடன் வெளிவந்ததோடு நிறுத்தினேன். அதன் பிறகு அரை நூற்றாண்டாகப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்காரர்கள் ஓயாமல் வாதாடும் விஷயம் இதுதான்: எல்லாரும் மேசையைச் சுற்றி உட்காரும் முன்பே சாகசம் எழுதப்பட்டிருக்க வேண்டுமா, அல்லது ஆடுபவர்களின் முடிவுகளிலிருந்து அது பிறக்க வேண்டுமா?

எவ்வளவு எழுதுவது என்று அளந்துகொண்டிருந்தால் இந்த வாதம் முடியவே முடியாது. எதை எழுதுவது என்று கேட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். இதை நம் நாடக மேடை வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. ஆகவே அந்த விளையாட்டு பிறந்த அமெரிக்காவுக்குப் போகும் முன் மதுரைக்குப் போவோம்.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், நடிகராக மேடையேறிப் பிறகு ஆசிரியரானவர். அவர் காலத்து நடிகர்களுக்குக் கதையின் போக்கு தெரியும், பாட்டு தெரியும். பேச்சோ பெரும்பாலும் அந்தந்த நேரத்தில் நாவில் வந்ததுதான். கெட்டிக்காரர்கள் கூடினால் அந்த இரவு பிரமாதப்படும். ஒருவரையொருவர் மட்டம் தட்டக் கிளம்பிவிட்டால் கதை நடுக்காட்டில் நின்றுவிடும். சுவாமிகள் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று நாடகம் நாடகமாகப் பாட்டும் வசனமும் எழுதி ஒரு வரம்பு கட்டினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு வரி பிசகாமல் பாடம் சொல்லிக்கொடுத்தார். அங்கே பயின்ற டி.கே.சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் வியந்து பேசப்படும் செய்தி. சென்னையிலோ, பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை உரைநடை நாடகத்தை எழுதி, ஒத்திகை பார்த்து, எழுதியபடி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

இதோடு நின்றிருந்தால் எழுத்து ஜெயித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் சுவாமிகளின் அதே நாடகங்கள் ஸ்பெஷல் நாடகமாக ஊர் ஊராகப் போனபோது நடந்ததுதான் நமக்கு முக்கியம்.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஏஜென்ட் மூலம் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்து பிடிப்பார்கள், ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்து. பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனி ஏற்பாடு. நோட்டீஸில் பெயர்கள் ஒன்றாக அச்சாகும். ஆட்கள் ஒன்றாகச் சேர்வது அன்றைய இரவுதான். ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. அரிதாரம் பூசும்போது முதல்முறையாக முகம் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும்.

வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வள்ளி காவல் காக்கிறாள். வேடன் வேஷத்தில் முருகன் வருகிறார், ஒரு மானைத் தேடி வந்ததாகச் சொல்கிறார். எந்த மான், எப்படி இருக்கும், அதற்கு என்ன அடையாளம் என்று அவள் மடக்குகிறாள். அவர் சொல்லும் அடையாளமெல்லாம் அவளையே சுட்டுகிறது. இங்கே பிடிக்கிறது தர்க்கம். ஸ்திரீபார்ட் புராணத்திலிருந்து ஒரு கேள்வியை வீசுவார். ராஜபார்ட் பதிலைப் பாட்டாகக் கொடுத்து, கடைசி அடியில் எதிர்க்கேள்வி வைப்பார். ஆர்மோனியக்காரர் எந்தப் பக்கம் சாய்வது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். பதில் வராமல் ஒருவர் திணறினால் முன்வரிசைக் கிழவர்களுக்குத் தெரிந்துவிடும். இது எவ்வளவு நேரம் போகும் என்று எந்த நோட்டிலும் இல்லை. கூட்டம் ரசிக்கும்வரை போகும். கடைசியில் யானை வரும், வள்ளி பயந்து ஒண்டுவாள், கல்யாணம் நடக்கும். அது மட்டும் குழந்தைக்கும் தெரியும்.

முன்பின் அறியாத இரண்டு பேர் இப்படி விடிய விடிய ஆட முடிந்தது எதனால்? இருவருக்கும் பொதுவாக ஒரு பிரதி இருந்ததால். யார் யார், யாருக்கு என்ன வேண்டும், எங்கே சந்திக்கிறார்கள் என்பதை எழுத்து பார்த்துக்கொண்டது. எப்படிப் பேசி, எப்படி மடக்கி, எப்படித் தோற்றுக் கல்யாணத்துக்கு வந்து சேர்வது என்பதை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். அங்கே எழுத்துதான் சுதந்திரத்துக்கு இடம் கொடுத்தது. கோவில் திருவிழா நாடகத்துக்கும் மேசை ஆட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு: மேசையில் முடிவும் தெரியாது. அதனால் எதை எழுதுவது என்ற கேள்வி அங்கே இன்னும் கூர்மையாகிறது.

இனி அமெரிக்கா. மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் டேவிட் வெஸ்லி 1969-இல் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊரில் ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு நோக்கம் என்று பிரித்துக்கொடுத்தார். போர் தொடங்குவதற்குள் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசி, பேரம் பேசி, சதி செய்து, அவர் திட்டமிட்டதைக் கலைத்துவிட்டார்கள். இருவர் ஒருவரையொருவர் சவாலுக்கு இழுக்க, அதற்கு விதியே இல்லாமல் அவர் அங்கேயே ஒன்றை உருவாக்க வேண்டிவந்தது. ஆட்டம் தோற்றுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ அதையே மறுபடி கேட்டார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் 1971-இல் ‘பிளாக்மூர்’ உலகை உருவாக்கினார். கேரி கைகாக்ஸோடு அவர் சேர்ந்ததில் பிறந்தது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’.

முதல் மூன்று புத்தகங்களில் விதிகள் இருந்தன, முழுச் சாகசம் எதுவும் இல்லை. நிலவறையை வரைவதும் அதில் யார் இருப்பது என்று முடிவு செய்வதும் ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டஞ்சன் மாஸ்டர்) என்பவரின் வேலை. ஆர்னெசன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவருக்கு இது போதும். தபாலில் பெட்டியை வாங்கிப் பிரித்தவருக்கு? 1975-இல் வந்த பிளாக்மூர் இணைப்பு நூலில் ‘தவளைக் கோயில்’ அச்சானது. அதுவே வெளியான முதல் சாகசம். அடுத்த ஆண்டு பீட், ஜூடி கெரஸ்டன் இருவரும் எழுதிய ‘ரத்தக் காட்டேரி அரசியின் அரண்மனை’ தனி வெளியீடாகவே வந்தது.

எழுத்துச் சாகசம் பெருக இன்னொரு காரணம் போட்டி. 1975-இல் பால்டிமோரில் நடந்த ‘ஆரிஜின்ஸ்’ விழாவில் கைகாக்ஸின் ‘பயங்கரங்களின் கல்லறை’யைப் பல குழுக்கள் ஆடின. எல்லாரும் ஒரே கல்லறைக்குள், தயாராகக் கொடுத்த பாத்திரங்களோடு இறங்கினால்தான் யார் தூரம் போனார்கள் என்று ஒப்பிட முடியும். அது 1978-இல் அச்சில் வந்தது. அதே ஆண்டு அரக்கர் தொடரின் மூன்று சாகசங்களும் வந்தன. ‘மாட்யூல்’ என்ற சிறு புத்தகம் ஒரு வியாபாரமானது அப்போதுதான்.

அந்தக் காலத்து மாட்யூல்களில் எனக்கு மிகப் பிடித்தது மைக் கார் எழுதிய ‘அறியாததைத் தேடி’. புதிதாக ஆட்டம் நடத்துபவருக்காகவே எழுதப்பட்டது. கைவிடப்பட்ட ஒரு கோட்டையின் அறைகள் ஒவ்வொன்றும் விவரமாக இருக்கின்றன: எந்த அறையில் எது உடைந்து கிடக்கிறது, குளங்கள் உள்ள அறையில் ஒவ்வொரு குளமும் என்ன செய்யும். ஆனால் அறைக்கு அறை, அங்கே இருக்கும் ஜந்து, புதையல் என்ற இரண்டு இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கும். கடைசியில் ஒரு பட்டியல் உண்டு. அதிலிருந்து பார்த்துப் பார்த்து டி.எம். தன் பென்சிலால் நிரப்ப வேண்டும். பழைய பிரதிகளில் அந்தக் காலி வரிகளில் சிறுவர்களின் கையெழுத்தைக் காணலாம். ஒரே புத்தகத்தை வாங்கிய இரண்டு வீடுகளில் இரண்டு கோட்டைகள் இருந்தன. எழுதுபவர் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு அச்சில் வந்த முதல் பாடம் அது. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய ‘எல்லைக் கோட்டை’யிலும் காவல்தலைவன் முதல் வட்டிக்கடைக்காரன் வரை யாருக்கும் பெயர் இல்லை. பெயர் வைப்பது மேசையின் வேலை.

பிறகு 1984. அந்த ஒரே ஆண்டில் எதிரெதிரான இரண்டு பெரும் படைப்புகள் வந்தன.

முதலாவது ‘டிராகன்லான்ஸ்’. டிரேசி ஹிக்மன் முன்நின்று வடிவமைத்த நீண்ட மாட்யூல் தொடர், மார்கரெட் வைஸோடு சேர்ந்து அவர் எழுதிய நாவல்கள் என்று இரண்டு தடங்களில் ஒரே கதை. உலகம் அழகானது. டிராகன்களின் திரும்புதல், மறந்துபோன தெய்வங்கள் என்று ஒரு காவியத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. பாத்திரங்களைத் தயாராகவே கொடுத்தார்கள். இவர் டானிஸ், இவர் ரைஸ்ட்லின், நீங்கள் இவர்களாக ஆடுங்கள். பின்னால் கதைக்குத் தேவைப்படும் ஒருவர் இப்போது செத்துவிடக் கூடாது. செத்தாலும் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டு பிறகு திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று டி.எம்.முக்குக் குறிப்பே இருந்தது. நாவலைப் படித்தவர்களுக்கு அடுத்த அத்தியாயம் தெரியும். ஆடுபவர் வேறு வழி தேர்ந்தாலும் மலை இடிந்தோ படை துரத்தியோ பழைய பாதைக்கே தள்ளப்படுவார். அந்த நாவல்கள் லட்சக்கணக்கானோரை இந்த ஆட்டத்துக்குள் இழுத்துவந்தன, அந்தக் கடன் பெரியது. ஆனால் ஆடுபவர் செய்யப்போவதை முன்கூட்டியே எழுதிவைப்பது, அவர் கையிலிருந்து பகடையைப் பிடுங்குவதற்குச் சமம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இரண்டாவது, ‘கால் ஆஃப் கதுல்ஹு’ ஆட்டத்துக்காக லாரி டிடில்லியோ எழுதிய ‘நயார்லதோடெப்பின் முகமூடிகள்’. நியூயார்க் விடுதி அறையில் ஒரு நண்பன் கொல்லப்படுகிறான். அங்கே கிடைக்கும் கடிதங்கள், தீப்பெட்டி, துண்டுச் சீட்டுகள் லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று பல திசைகளைக் காட்டுகின்றன. எங்கே முதலில் கப்பல் ஏறுவது என்பது ஆடுபவர்கள் இஷ்டம். பக்கக் கணக்கில் இது எழுத்தால் நிரம்பி வழியும் சாகசம். ஆனால் எழுதப்பட்டது முழுக்க எதிரிகளின் திட்டம், ஊர்களின் விவரம், தடயங்கள். ஆடுபவர் என்ன செய்வார் என்று அதில் எழுதவில்லை. துப்பறியும் கதைக்கு இப்படி ஓர் எழுத்து கட்டாயம் தேவை. கொலையாளி யார் என்பது ஆட்டத்துக்கு நடுவில் முடிவாவதென்றால் தடயத்தைத் தேடிய உழைப்புக்கு மதிப்பில்லை. உண்மை முன்பே ஓரிடத்தில் இருக்க வேண்டும், தேடுகிறவர் அதைத் தவறவிடவும் இடம் இருக்க வேண்டும்.

டிரேசியும் அவர் மனைவி லாரா ஹிக்மனும் சேர்ந்து 1983-இல் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’டை இங்கே சொல்லியாக வேண்டும். அதில் குறிசொல்லும் பெண் சீட்டுகளை எடுத்து வைக்கிறாள். கோட்டையில் எந்தப் பொருள் எங்கே இருக்கும், ஸ்ட்ராட் பிரபுவுக்கு இம்முறை என்ன வேண்டும் என்பது அந்தச் சீட்டில் முடிவாகும். கோட்டை மாறாது, வில்லன் மாறமாட்டான், அவன் ஆசை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இதை எழுதிய டிரேசிதான் அடுத்த ஆண்டே டிராகன்லான்ஸை வடிவமைத்தார் என்பதை நினைத்தால், இந்த இரண்டு பாணிகளையும் இரண்டு கட்சிகள் என்று பிரிப்பது எவ்வளவு தவறு என்று தெரியும்.

கரடியூரில் மழைக்கால விடுமுறைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் ஆட்டத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒரு பக்கத் தாளில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: எஸ்டேட் ஸ்டோரிலிருந்து மிளகு மூட்டைகள் காணாமல் போகின்றன. கணக்குப்பிள்ளைக்குக் கடன், அது வெளியே தெரியக் கூடாது. வாட்ச்மேன் எல்லாவற்றையும் பார்த்தவர், மகள் கல்யாணம் முடியும்வரை வேலை போய்விடக் கூடாதென்று வாயைத் திறக்கமாட்டார். சேலத்து வியாபாரி விலை ஏறும்வரை காத்திருக்கிறார். யாரும் குறுக்கே போகாவிட்டால் மூன்றாம் நாள் இரவு லாரி கீழே இறங்கிவிடும்.

மூட்டையைத் தேடி எல்லாரும் காட்டுக்குள் இறங்குவார்கள் என்று பார்த்தால், நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, “நான் வரலைங்கண்ணா. வாட்ச்மேன் வீட்டுக்குப் போறேன். அந்தப் பொண்ணுகிட்ட பேசணும்” என்றாள். தாளில் அந்த மகளுக்குப் பெயர்கூட இல்லை. பேச்சு வளர்ந்தது. கல்யாணத்தை முன்னதாகவே முடித்துவிட்டால் வாட்ச்மேன் உண்மையைச் சொல்லலாம் அல்லவா? அதன் பிறகு ஆட்டம் முழுக்க மாப்பிள்ளை வீட்டைச் சம்மதிக்க வைப்பது, சீர்வரிசைக்குப் பணம் புரட்டுவது, தேதி குறிப்பது என்றே போனது. லாரி எழுதியிருந்தபடி மூன்றாம் நாள் இரவு கிளம்பியது. பதினேழாவது வளைவில் அதை மறித்து நின்றது மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம். அந்த ஊர்வலம் என் தாளில் இல்லை. லாரி இருந்தது. லாரி இல்லாமல் ஊர்வலத்துக்கு அங்கே வேலையும் இல்லை.

சூழலை மட்டும் எழுதி முடிவை ஆடுபவர்களிடம் விடும் இந்த வழியை விதியாகவே எழுதியவர்கள் அடுத்த தலைமுறையினர். மார்க் ரைன்ஹேகனின் ‘வாம்பயர்’ 1991-இல் கதைக்கே முதலிடம் என்று அறிவித்தது. ஆனால் அதையொட்டி வந்த சாகசங்கள் பலவற்றிலும் முன்பே தீர்மானித்த நிகழ்ச்சிகள்தான் ஓடின. வின்சென்ட் பேக்கர் 2004-இல் வெளியிட்ட ‘டாக்ஸ் இன் த வின்யார்ட்’ அந்த முடிச்சை அவிழ்த்தது. அதில் டி.எம். ஓர் ஊரை உருவாக்குவார். அங்கே முதலில் ஒருவரின் அகந்தை, அதனால் ஓர் அநீதி, அதிலிருந்து பாவம் என்று படிப்படியாக எழுதி, ஊரில் ஒவ்வொருவரும், ஆடுபவர்களின் பாத்திரங்களாக வந்திறங்கும் இளைஞர்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார். அதோடு பேனாவை மூடிவிட வேண்டும். தீர்ப்பு எது என்று அவர் யோசிக்கவே கூடாது. 2010-இல் வின்சென்ட்டும் மெகுவே பேக்கரும் கொண்டுவந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ கதைப்போக்கை முன்னதாகத் திட்டமிடாதே என்று ஆட்டம் நடத்துபவருக்கு நேரடியாகவே சொன்னது. ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ‘ஃபியாஸ்கோ’ 2009-இல் டி.எம்.மையே நீக்கிவிட்டது. ஆனாலும் உறவு, தேவை, பொருள், இடம் என்ற எழுதிய பட்டியல்கள் இல்லாமல் அந்த ஆட்டம் தொடங்காது.

எழுத்துச் சாகசம் இதனால் மங்கிவிடவில்லை. 2014-இல் புதியவர்களுக்கான பெட்டியில் வந்த ‘ஃபாண்டெல்வரின் தொலைந்த சுரங்கம்’ ஒரு புதிய தலைமுறைக்கே முதல் சாகசமானது. யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தராத ஊரில் ஒருவர் முதன்முதலாக நான்கு நண்பர்களைக் கூட்டி உட்காரவைக்கிறார் என்றால், எழுதிய சாகசத்தைத்தான் நான் அவர் கையில் கொடுப்பேன்.

2022-இல் அஜித் ஜார்ஜும் எஃப்.வெஸ்லி ஷ்னைடரும் முன்நின்று கொண்டுவந்த ‘ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பில் பதின்மூன்று சாகசங்கள். அவற்றில் வங்கத்தின் சாயல் கொண்ட ‘மணிவர்ஷாவின் மூடுபனியில்’ என்ற சாகசத்தை எழுதியவர் நம் நாட்டு எழுத்தாளர் மிமி மண்டல். அவர் படைத்த நிலத்தின் பெயர் சங்கபூமி. தொகுப்பில் ஒவ்வொரு சாகசத்துக்குப் பின்னும் சில பக்கங்கள் அந்த நிலத்துக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன: முக்கியமான இடங்கள், வாழ்க்கைமுறை, பழங்கதைகள், மக்களின் பெயர்கள், இன்னும் எழுதப்படாத சாகசங்களுக்கான நூல்முனைகள். எழுதியதை ஆடி முடித்த குழு சங்கபூமியிலேயே தங்கிவிட்டால், அடுத்த ஆட்டத்துக்கு அந்தப் பக்கங்களோடு உட்காரலாம்.

பகடையைக் கைவிட்டு மேசையையும் விட்டு எழுந்து, வேஷம் கட்டி ஆடத் தொடங்கியவர்களைப் பற்றி அடுத்த பகுதியில்.